பூ இல்லாத அறை

மூன்று பேரும் ஒரே மாதிரிக் கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு டாக்ஸியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும், அவன் கையிலிருந்த தேநீரைத் தொட்டிச் செடியில் கொட்டினான். பாதிகூடக் குடித்திருக்கவில்லை. அந்த மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு எதையும் விழுங்க முடியாது என்று தோன்றியது.

டீ-ஷர்ட்டில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு காலின் படம். கட்டின் மேல் மின்னல் வெட்டியதுபோல ஒரு கையெழுத்து. தகன மண்டபத்தின் வாசலில், அவன் மனைவிக்காக வந்த உறவுக்காரர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்ற இடத்தில், அந்த மூன்று கால்களும் நடந்து வந்தன. அவனுடைய பெரியப்பா கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"யாருப்பா இவங்க?"

"அவ ஸ்கூல்ல கூடப் படிச்சவங்க."

"பேண்ட் வாத்தியக்காரங்களோன்னு நெனச்சேன்" என்றார் பெரியப்பா.

அது ஒரு சினிமாவில் வரும் கால். அந்தப் படத்துக்கு ஒரு பெயர் உண்டு. அவன் அதை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. வீட்டில் அது 'அந்தப் படம்'தான். நாலு பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரு ராக் இசைக்குழுவின் மேல் பைத்தியம். குழு அவர்கள் ஊருக்கு வருகிறது. அன்றைக்குப் பார்த்துப் பரீட்சை. பரீட்சைக்கு மட்டம் போட்டுவிட்டு, கால் ஒடிந்த பெண்ணை சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, அவளுடைய மாவுக்கட்டில் கிட்டார்காரனிடம் கையெழுத்து வாங்கக் கிளம்புகிறார்கள். ஒன்றரை மணி நேரம் விழுகிறார்கள், எழுகிறார்கள், சாக்கடையில் இறங்குகிறார்கள். ஹெட்மாஸ்டர் துரத்துகிறார். கடைசியில் கையெழுத்துக் கிடைக்கிறது. அவ்வளவுதான். இதற்கு ஒரு இயக்குநர், ஒரு ஒளிப்பதிவாளர், பார்ப்பதற்கு உலகம் பூராவும் ஆட்கள்.

பதினாறு வயதில் பிடித்த படம் முப்பது தாண்டியும் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் ரசனை இல்லை, விடாத சளி. இதை அவன் மனைவியிடமே சொல்லியிருக்கிறான். அவள் மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டு உள்ளே போய்ப் படத்தைப் போட்டாள்.

மாதத்தின் கடைசி சனிக்கிழமை அந்த மூன்று பேரும் வீட்டுக்கு வருவார்கள். நால்வருமாக உட்கார்ந்து, பார்த்த படத்தையே பார்ப்பார்கள். பார்ப்பதுகூட இல்லை, கூடவே கத்துவார்கள். ஒவ்வொரு வசனமும் மனப்பாடம். படத்தில் வரும் நாலு பிள்ளைகளின் பட்டப்பெயர்தான் இவர்களுக்கும் பெயர். அவன் மனைவி 'கட்டு'. வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் தாடிக்காரன் 'சைக்கிள்'. டியூட்டோரியலில் கணக்குச் சொல்லித்தரும் ஒல்லிப்பிச்சான் 'தலைவர்'. படத்தில் வாயே திறக்காத பெண்ணுக்கு 'ஊமை' என்று பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டிருந்த வக்கீலம்மா தூங்கும்போதுகூடப் பேசுவாள் என்று மனைவி சொல்வாள்.

அவனுக்கும் ஒரு பேர் வைத்திருந்தார்கள். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் 'குளோரின்'. இதையும் மனைவிதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் அவன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏதாவது படிப்பான். சுவர் வழியாகவே முழுப் படமும் அவனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. முதல் முறை முதல் காட்சியோடு எழுந்து போனவனுக்கு இன்றைக்கு எந்த இடத்தில் நால்வரும் கத்துவார்கள் என்பது தெரியும். தெரிந்திருப்பதே எரிச்சல்.

உடைந்த கால்களை நடக்கவைப்பது அவளுடைய தொழில். பிசியோதெரபி படிக்கப் போனதற்கு அந்தப் படம்தான் காரணம் என்று ஒரு முறை சொன்னாள். அவன் தட்டைக் கழுவப் போட்டான். யார்தான் அப்படியொரு படத்தைப் பார்த்துவிட்டு மாவுக்கட்டுக்காரியின் பக்கமிருந்து யோசிப்பார்கள்? கட்டைப் பிரித்த பிறகு அந்தப் பெண் எப்படி நடந்திருப்பாள் என்று அவள் யோசித்தாளாம்.

சைக்கிள் நேராக வந்து அவனைக் கட்டிப்பிடித்தான். அவன் தபால்பெட்டி மாதிரி நின்றான். தாடி கழுத்தில் குத்தியது. ஈரமாகவும் இருந்தது.

"எந்த ரூம்?" ஊமை கேட்டாள்.

"மாடியில."

"மாடியில எங்க?"

"கீழ கொண்டுவரும்போது கூப்பிடுவாங்க. அப்ப வந்தா போதும்."

"அது எதுக்கு? நாங்க இப்பவே போய்ப் பார்க்கிறோம். ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டா..."

"மூடியாச்சு."

"மூடினா என்ன, திறக்கலாமே."

"வேண்டாம்."

"அவ சொன்னாளா?"

வக்கீல் புத்தி. அவன் அவளுடைய டீ-ஷர்ட்டில் இருந்த காலைப் பார்த்தான். கழுத்துப் பட்டையில் விலைச் சீட்டின் பிளாஸ்டிக் நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கென்றே புதிதாக வாங்கியிருக்கிறார்கள். பழையது சின்னதாகியிருக்கும்.

"அவளுக்குப் பிடிக்காது" என்றான்.

"எனக்கு அவளைப் பதினஞ்சு வருஷமாத் தெரியும். அவளுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காதுன்னு..."

"விடு" என்றான் தலைவர். அவன் குரல் எப்போதும்போல ஜலதோஷம் பிடித்த குரல். "சார், அப்ப பெட்டி மேலயாவது எழுதிக்கலாமா? மார்க்கர் கொண்டுவந்திருக்கோம்."

எழுதுவது அவர்களுடைய வழக்கம். படத்தில் கட்டின் மேல் கையெழுத்துப் போடுகிறார்களே, அதனால் இவர்களும் எதையாவது கண்டால் எழுதுவார்கள். ஊமையின் கல்யாணக் காரில் எழுதினார்கள். சைக்கிள் முதல் வேலையை விட்டபோது அவன் நாற்காலியின் முதுகில் எழுதிவிட்டு வந்தார்கள். அவனும் மனைவியும் புது வீட்டுக்குக் குடிவந்த அன்று குளியலறைக் கதவில் எழுதினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அதன் மேல் வெள்ளை பெயிண்ட் அடித்தான். அவள் பெயிண்ட் நாற்றம் போவதற்கு ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

"இது என்ன ஸ்கூல் பெஞ்சா?" என்றான்.

தலைவர் மார்க்கரைச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனான். டீ-ஷர்ட்டில் பை இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டான்.

*

மேலாளரின் அறையில் ரோஜாவும் பினாயிலும் கலந்த ஒரு வாசனை. மேலாளர் சின்னப் பையன். கோட்டு அவனைவிட இரண்டு அளவு பெரியது. செத்தவர்கள் வீட்டுக்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யாரோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கண்ணை மூடித் திறந்தான்.

"மெலிசா ஒரு மியூசிக் போடலாம் சார். எல்லாரும் கேட்கிறாங்க."

"வேண்டாம்."

"பூ அலங்காரம்? பக்கத்து ரூம்ல பண்ணியிருக்கோம், ஒரு தடவை பார்த்தீங்கன்னா..."

"வேண்டாம்."

"ஒரு போட்டோவாவது சார். ஸ்டாண்டு எங்ககிட்டயே இருக்கு."

"வேண்டாம்."

"அப்ப ரூம்ல என்னதான் சார் வைக்கிறது?"

"அவ இருக்கால்ல."

மேலாளர் கண்ணை மூடினான். திறக்கக் கொஞ்சம் நேரமானது.

வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது. கடைசி வாரங்களில் அவளைச் சுற்றி எல்லாமே அசுத்தமாகிவிட்டது. குழாய்கள், பைகள், வாந்தி, தலையணை உறையில் ஒட்டிய முடி. யார் யாரோ வந்து கையைத் தொட்டுவிட்டு, பழம் வைத்துவிட்டு, வராந்தாவில் நின்று மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். ஒரு நாள் அந்த மூன்று பேரும் வந்து வார்டிலேயே படத்தின் பாட்டைப் பாடினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். அவளுக்கு உதடு மட்டும் அசைந்தது. அது பாடுவதா, போதும் என்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. போதும் என்று எடுத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து யார் கேட்டாலும் 'தூங்குறா' என்றான். கிருமி தொற்றிவிடும் என்றான். அதில் பொய் இல்லை. கிருமிகளைப் பற்றி அவனுக்குத் தெரியாததில்லை. மாமியார்கூடக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தாள்.

இன்று காலை ஆஸ்பத்திரியிலேயே எல்லாவற்றையும் முடித்து, அவனே கூட நின்று, யாரும் வருவதற்குள் பெட்டியை மூடவைத்தான். உரிக்கப்பட்டதுபோல ஆகிப்போன அந்த முகத்தை இனி யாரும் பார்க்க வேண்டியதில்லை. பரிதாபப்பட்டு 'ச்சு' கொட்ட வேண்டியதில்லை. மரம், வார்னிஷ், மூடி. சுத்தமாக அவளை அனுப்பிவைப்பது ஒன்றுதான் இனி அவனால் செய்யக்கூடியது. அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும்.

அப்போதுதான் மாடியிலிருந்து ஒரு ஆணின் கத்தல் கேட்டது.

*

மாடியில் இரண்டு அறைகள். கதவில் பேர் எதுவும் கிடையாது. அவன் படியேறியபோது இரண்டாவது அறையின் வாசலில் ஒருவர் நின்று கத்திக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வழுக்கை, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவருக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு வயதான அம்மாள். அவருக்கு முன்னால், மூன்று கறுப்பு டீ-ஷர்ட்டுகளும் வரிசையாக, வகுப்புக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்டதுபோல.

"யாருய்யா நீங்க? எந்த பேட்ச்?"

"சார், நாங்க அந்த ஸ்கூலே இல்ல..." என்றான் தலைவர்.

"பொய் சொல்லாத! முப்பத்தஞ்சு வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்த மனுஷன்யா! ரிட்டையராகி இத்தனை வருஷம் கழிச்சும் விடமாட்டீங்களா? பெட்டியில படுத்தப்புறமுமாய்யா?"

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அறை முழுக்க மஞ்சள் பூக்கள். தரையில், சுவரோரம், ஜன்னல் விளிம்பில். நடுவில் பெட்டி. அவன் வாங்கிய அதே மாதிரி, அதே நிறம். அதன் மூடியில், கறுப்பு மார்க்கரில், ஒரு சாண் உயரத்துக்கு எழுதியிருந்தது:

ஹெட்மாஸ்டர் ஒழிக!

படத்தின் புகழ்பெற்ற வசனம். நால்வரும் தொண்டை கிழியக் கத்தும் இடம். கீழே மாவுக்கட்டுப் போட்ட ஒரு கால். அதற்கும் கீழே, இன்னும் கொஞ்சம் சின்ன எழுத்தில்: 'முன்னாடி போய் இடம் புடிச்சு வை. நாங்க பின்னாடியே வர்றோம்.' மூன்று கையெழுத்துகள்.

"இதைப் பாருங்க! பின்னாடியே வர்றாங்களாம்! மிரட்டலா இது?"

"கத்தாதடா" என்றாள் அந்த அம்மாள், நாற்காலியிலிருந்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு மூடியைப் படித்தாள். "உங்கப்பா எத்தனையோ சுவத்துல இதைப் பார்த்தவருதான். எழுத்து நல்லாத்தான் இருக்கு. 'புடிச்சு'ங்கிறதுக்கு மட்டும் சிவப்பு மையில வட்டம் போட்டிருப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. சைக்கிளின் தாடிக்குள் ஏதோ நடந்தது; அழுகையாகவும் இருக்கலாம்.

அவனுக்குள் ஒரு குளிர்ந்த சந்தோஷம் எழுந்தது. இத்தனை வருஷ வெறுப்புக்கு இப்படி ஒரு அத்தாட்சியை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்க மாட்டார்கள். வேறு எந்த மனிதனாவது, எந்தத் துக்கத்திலாவது, இப்படி ஒரு காரியத்தைச் செய்வானா? முன்பின் தெரியாத கிழவரின் பெட்டியில் காலை வரைந்துவிட்டு வருவானா? இதற்கு இந்த மூன்று பேர் வேண்டும். இதற்கு அந்தப் படம் வேண்டும்.

"ரெண்டே ரெண்டு ரூம்தான் இருக்கு" என்றான், நிதானமாக. "அவ எதுல இருக்கான்னுகூடப் பார்க்கத் தெரியாதா? பதினஞ்சு வருஷமாத் தெரியும்னீங்க."

ஊமை அவனைத் திரும்பிப் பார்த்தாள். கையில் மார்க்கர் மூடி இல்லாமல் இருந்தது, விரலெல்லாம் கறுப்பு.

"பார்த்தோம். அந்த ரூமையும் எட்டிப் பார்த்தோம். ஒரு பூ இல்ல. ஒரு போட்டோ இல்ல. உட்கார ஒரு சேர் இல்ல. ஸ்டோர் ரூம் போல, காலிப் பெட்டியைப் போட்டு வச்சிருக்காங்கன்னு நெனச்சோம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இங்க வந்தா, ஆள் யாரும் இல்ல, ஆனா மஞ்சள் பூ. அவளுக்கு மஞ்சள்னா உயிர்ல? ஆள் வாசல்ல அப்படி முறைச்சுக்கிட்டு நிக்கிறாரு, ஆனா உள்ள வந்து பாரு, அவளுக்குப் பிடிச்ச பூவைத் தேடிப் பிடிச்சு வாங்கி வச்சிருக்காருன்னு நெனச்சோம். உங்களை இத்தனை நாள் திட்டினதுக்கெல்லாம் மனசுக்குள்ள மன்னிப்பு கேட்டுட்டுத்தான் எழுதவே ஆரம்பிச்சோம்."

"குளோரினுக்கு உள்ளயும் ஏதோ இருந்திருக்குடான்னு நான்கூடச் சொன்னேன்" என்றான் சைக்கிள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவன் திரும்பிப் பார்த்தான். பக்கத்து அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் உள்ளே தரை தெரிந்தது, சுவர் தெரிந்தது, பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

*

மேலாளர் வந்தான். பின்னாலேயே மாமியார், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி, ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை நின்று. ஊமை அழுகையும் சட்டமுமாக மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னாள். மாமியார் மூடியைப் பார்த்தாள்.

"இதுவும் அந்தப் படத்துல வருதா?"

"இல்லைங்கம்மா" என்றான் தலைவர். "படத்துல இவ்வளவு கேவலமா நடக்காது."

ஹெட்மாஸ்டரின் மகன் மேலாளரிடம் திரும்பினார். "அடுத்து எங்க முறைதான். இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்க. இந்த எழுத்தோட எங்கப்பாவை எல்லார் முன்னாடியும் தூக்கிட்டுப் போகணுமா? பழைய வாத்தியாருங்க எல்லாம் கீழ உட்கார்ந்திருக்காங்க."

"தேய்ச்சு எடுக்கலாம்" என்றான் அவன்.

"வார்னிஷ் போயிடும் சார்" என்றான் மேலாளர். "பேட்ச் பேட்ச்சாத் தெரியும்."

"எங்கப்பாவைச் சொரண்டின பெட்டியிலயா அனுப்புவேன்?"

மேலாளர் கண்ணை மூடினான். திறந்தபோது பயிற்சி எல்லாம் காணாமல் போய், வயசுக்கேற்ற முகம் வந்திருந்தது. "ஒண்ணு பண்ணலாம். ரெண்டும் ஒரே அளவுப் பெட்டி. மூடியை மட்டும் மாத்திடலாம். அஞ்சு நிமிஷ வேலை. இந்த எழுத்து... சாரோட சம்சாரத்துக்காக எழுதினதுதானே?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கீழே யாரோ இருமினார்கள்.

"முடியாது" என்றான்.

"என்னய்யா முடியாது? உங்க ஆளுங்க பண்ணின வேலை!"

"என் ஆளுங்க இல்ல."

"பின்ன யாரு ஆளுங்க? எங்கப்பா ஆளுங்களா?"

அவன் மேலாளரிடம் சொன்னான்: "புதுசா ஒரு மூடி கொண்டுவரச் சொல்லுங்க. எங்கிருந்தாவது."

"வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும் சார்."

"மாப்பிள்ளை" என்றாள் மாமியார். "மாத்திக் குடுங்க."

"அத்தை, மாத்தணும்னா திறக்கணும்."

"திறக்கட்டும்."

"அவ முகம் இப்ப... நீங்க பார்க்க வேண்டாம்னுதான்."

"அவ பொறந்தப்பவும் பார்க்கச் சகிக்கலதான். தலை கூம்பிப்போய், கத்திரிக்கா மாதிரி இருந்தா. நான் பார்க்கலையா?" அவள் கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணாடிக்கு வெளியே நில்லுங்கன்னீங்க, நின்னேன். தூங்குறான்னீங்க, வீட்டுக்குப் போனேன். காலையில வந்து பார்த்தா ஆணி அடிச்ச பெட்டி. நான் ஏதாவது கேட்டேனா?"

"ஆணி இல்ல அத்தை. ஸ்குரூ."

இதைச் சொன்ன பிறகுதான் எவ்வளவு அற்பமான ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்பது அவன் காதில் விழுந்தது. ஹெட்மாஸ்டரின் மகன்கூடத் தரையைப் பார்த்தார். ஏதாவது திட்டுவாள் என்று அவன் ஊமையைப் பார்த்தான். அவள் மார்க்கருக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றான்.

*

மண்டபத்து ஆள் ஒருவர் ஸ்குரூ டிரைவரோடு வந்தார். முதலில் மஞ்சள் பூ அறையில் மூடியைக் கழற்றினார். தலைவரும் சைக்கிளும் அதை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி, கதவில் இடித்துக்கொள்ளாமல், இந்தப் பக்கம் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார்கள். ஹெட்மாஸ்டர் ஒழிக என்ற வாசகம் காலி அறையைப் பார்த்து நின்றது. பிறகு அந்த ஆள் இங்கே மண்டியிட்டார். ஒவ்வொன்றாகக் கழற்றிய ஸ்குரூவை, வைக்க மேசை எதுவும் இல்லாததால், அவன் கையில் கொடுத்தார்.

மூடி எழுந்தது.

அவன் மற்றவர்களின் முகத்தைத்தான் பார்த்தான். 'ச்சு' வரும் என்று காத்திருந்தான். வந்தால் உடனே மூடச் சொல்லிவிடலாம்.

வரவில்லை. மாமியார் குனிந்து, நோயில் கொட்டி மறுபடி விரல் நீளத்துக்கு முளைத்திருந்த தலைமுடியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அது நிற்கவில்லை. மறுபடி ஒதுக்கினாள். தலைவர் ஜன்னல் பக்கம் போய்விட்டான். சைக்கிள், "டேய் கட்டு" என்றான். வீட்டுக்கு வரும்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கூப்பிடுகிற அதே குரல்.

தூங்கும்போதுகூடப் பேசுகிறவள் ஒன்றும் பேசவில்லை. பெட்டியோரமாக உட்கார்ந்து, அவளுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மண்டபத்து ஆள் இரண்டாவது மூடியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அங்கே திருகும் சத்தம் கேட்டது. ஹெட்மாஸ்டரின் மகன் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல, அந்த அம்மாள், "இருக்கட்டும் விடு, இருக்கட்டும் விடு" என்றாள்.

"இது என்ன?" ஊமை கேட்டாள்.

அவன் குனிந்தான். மணிக்கட்டுக்கு மேலே, ட்ரிப்ஸ் ஊசியைப் பிடித்துவைத்திருந்த டேப்பின் பசை, சதுரமாக. அதில் தூசியும் கம்பளிப் போர்வையின் நூலும் ஒட்டிக் கறுத்திருந்தது. காலையில் அவனே கூட நின்று துடைக்கவைத்தான். கழுத்து, காது மடல், நகக்கண் எல்லாம் சொல்லிச் சொல்லித் துடைக்கவைத்தான். இதைப் பார்க்கவில்லை.

"இதைக்கூட எடுக்கலையா?" என்றாள் ஊமை. குரலில் சண்டை இல்லை. கட்டைவிரலை நாக்கில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மார்க்கர் மை கொஞ்சம் அவள் விரலிலிருந்து அங்கே இறங்கியது. "ஐயோ" என்று அதையும் சேர்த்துத் தேய்த்தாள்.

"எச்சில்ல போகாது" என்றாள் மாமியார். கைப்பையைத் திறந்து, கைக்குப் பூசும் கிரீம் டியூபைத் துழாவி எடுத்தாள். முக்கால்வாசி தீர்ந்து சுருண்டுபோன டியூப். பிதுக்கியதில் கொஞ்சமாக வந்தது. ஊமை அதை வாங்கிப் பசையின் மேல் வைத்து, தோல் பிய்ந்துவிடப்போகிறதே என்பதுபோல மெல்ல, வட்டமாகத் தேய்த்தாள். பசை திரிதிரியாக உருண்டு வந்தது. சைக்கிள் தன்னுடைய டீ-ஷர்ட்டின் நுனியை நீட்டினான். அவள் அதில் துடைத்துக்கொண்டாள்.

மண்டபத்து ஆள் வாசலில் வந்து நின்றார். "சார், மூடலாமா? கீழ கேட்கிறாங்க."

"இருங்க" என்றான் அவன்.

ஸ்குரூக்களை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தரையில் மண்டியிட்டு, பெட்டியின் மறுபக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றான்.